புலியைப் பார்க்கப் படிப்பதா, புலியை எண்ணப் படிப்பதா?

விலங்கியலும் வனவிலங்கு உயிரியலும் படிக்க ஆசைப்படுகிறவர் தம் கல்லூரிக் காலத்தையும் அதற்குப் பிறகான பிழைப்பையும் எப்படித் திட்டமிடுவது என்பது இன்றைய பேச்சின் பொருள். இந்தப் பொருளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கல்லூரிப் பட்டியலில் தொடங்குவார்கள். எந்த ஊரில் எந்தப் படிப்பு, எத்தனை இடம், எவ்வளவு கட்டணம் என்று போகும். பட்டியல் வேண்டியதுதான், அதற்கும் வருவேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வனவிலங்கு உயிரியலாளர் என்கிறோமே, அவர் காட்டில் என்னதான் வேலை செய்கிறார்? இதைத் தெரிந்துகொள்ளாமல் கல்லூரி தேடுவது, போகிற ஊர் தெரியாமல் பேருந்து ஏறுவது மாதிரி.

தொலைக்காட்சி காட்டுகிற ஆய்வாளரை நம் எல்லோருக்கும் தெரியும். ஜீப், பச்சைத் தொப்பி, முழ நீளத்தில் ஒரு கேமரா. புதரை விலக்கினால் புலி நிற்கும். நிஜத்தில் அந்த வேலையின் பெரும்பகுதி எண்ணுவது. எத்தனை இருக்கின்றன? போன ஆண்டைவிடக் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா? குறைந்திருந்தால் ஏன்? இந்தக் கேள்விகளுக்கு, மறுத்துப் பேசுகிறவரும் ஏற்றுக்கொள்ளும்படி பதில் சொல்வதுதான் தொழில். ஆகவே என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். விலங்கின் மேல் பிரியம் இருப்பவர் கோடிப் பேர். சான்று சேர்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு, இந்தத் துறையில் பிழைத்து நிற்பவர்களும் அவர்கள்தான். படிப்பைத் திட்டமிடுவதென்றால் அந்தத் திறமையைச் சுற்றித் திட்டமிட வேண்டும். பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகிறது என்பதைச் சுற்றி அல்ல.

புலியையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைத்தார்கள். கிடைத்த படங்கள் ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம். அவற்றில் புலி இருந்த படங்கள் 97,399. எஞ்சிய படங்களில் மான், காட்டுப்பன்றி, மாடு, மனிதர், காற்றில் ஆடிய புல் என்று என்னென்னவோ இருந்திருக்கும். அந்த 97,399 படங்களையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்ததில் தனித்தனிப் புலிகள் 3,080 என்று தெரிந்தது. இரண்டு புலிகளுக்கு ஒரே மாதிரி வரி கிடையாது. ஒரே புலிக்கும் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. அதனால்தான் காட்டுத் தடத்தின் இரண்டு பக்கமும், முழங்கால் உயரத்தில், எதிரெதிராக இரண்டு கேமராக்கள் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் ஒரே புலியை இரண்டு புலியாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. சரி, படத்தில் சிக்கியவை 3,080. ஆனால் அரசு வெளியிட்ட சராசரி மதிப்பீடு 3,682. நடுவில் இருக்கும் அறுநூறு புலிகள் எங்கிருந்து வந்தன?

கணக்கிலிருந்து வந்தன. இதைச் சின்ன எண்களை வைத்துச் சொல்கிறேன், கணக்கு என்றாலே பயப்படுகிற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். ஒரு காட்டில் முதல் சுற்றில் 20 புலிகள் படத்தில் விழுகின்றன. சில வாரம் கழித்து இரண்டாம் சுற்று. இப்போது 25 புலிகள். அவற்றில் 10 ஏற்கெனவே பார்த்தவை. அதாவது இரண்டாம் சுற்றில் அகப்பட்டவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு பழைய முகங்கள். அப்படியானால் முதல் சுற்றில் பார்த்த 20 புலிகளும் மொத்தக் காட்டின் ஐந்தில் இரண்டு பங்காகத்தான் இருக்க வேண்டும். மொத்தம் 50. ஒரு தடவைகூடப் படத்தில் விழாத புலிகளையும் இந்தக் கணக்கு சேர்த்துக்கொண்டுவிட்டது. உண்மையான ஆய்வில் இதைவிடச் சிக்கலான முறைகள் உண்டு. கேமரா வைக்காத காடுகளையும் அங்குள்ள இரை, மரத்தடர்த்தி, மனித நடமாட்டம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் அடிப்படை இந்தப் பள்ளிக்கூட விகிதக் கணக்குதான்.

இவ்வளவு கணக்கு எதற்கு, காட்டில் பழுத்த வனக்காப்பாளரைக் கேட்டால் சொல்லிவிட மாட்டாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. மண்ணில் பதிந்த காலடித் தடத்தை வரைந்து வைத்து, இது இன்ன புலி என்று அனுபவத்தைக் கொண்டு எண்ணினார்கள். ராஜஸ்தானில் சரிஸ்கா என்று ஒரு புலிகள் காப்பகம். ஏட்டில் அங்கே புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005-ஆம் ஆண்டு தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை, வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். நாடே அதிர்ந்தது, பிரதமர் தனிக்குழு அமைத்தார், எண்ணும் முறையே மாறியது. வனக்காப்பாளருக்குக் காடு தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சரிபார்க்க வழியில்லாத முறையைக் கொடுத்ததுதான் பிழை. எண்ணத் தெரியாத நேசம் ஒரு விலங்கைக்கூடக் காப்பாற்றவில்லை என்பதற்குச் சரிஸ்காவைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

இப்போது பட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள் என்ன படித்தார்கள் என்று பாருங்கள். கேமராப் படங்களை வைத்துப் புலியை எண்ணும் முறையை இந்தியக் காடுகளுக்குக் கொண்டுவந்த உல்லாஸ் காரந்த் முதலில் படித்தது இயந்திரப் பொறியியல். ஆசிய யானையைப் பற்றி உலகம் யாரைக் கேட்கும் என்றால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரைக் கேட்கும். அவர் சென்னையில் படித்தது தாவரவியல். பாதாளத் தவளை என்கிறோமே, வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் அந்த ஊதாத் தவளையை 2003-இல் உலகுக்கு அறிவித்தவர்களில் ஒருவரான எஸ்.டி.பிஜுவின் முதல் முனைவர் பட்டமும் தாவரவியலில்தான். விலங்கியல் படித்தவர் இல்லையா? இருக்கிறார். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி.ஜான்சிங் விலங்கியல் படித்தவர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். பந்திப்பூர்க் காட்டில் 1976 முதல் 1978 வரை செந்நாய்களின் பின்னால் நடந்தார். திறந்த காட்டில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை முறையாக ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அன்றைக்குச் செந்நாய் என்றால் மானைக் கொன்று தீர்க்கும் கொள்ளைக்கூட்டம் என்று பலர் நினைத்தார்கள். அது என்ன தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்று எச்சத்தையும் இரையின் மிச்சத்தையும் பொறுக்கிக் கணக்குப் பார்த்தவர் அவர். பின்னாளில் டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார்.

பொறியியல், தாவரவியல், விலங்கியல். இவர்களைச் சேர்த்து வைப்பது எது? பட்டத்தின் பெயரா? இல்லை. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, அதற்கான சான்றைப் பல ஆண்டுகள் அலுக்காமல் சேர்த்ததுதான்.

உடனே ஒரு மறுப்பு வரும். இவர்கள் விதிவிலக்குகள், அந்தக் காலம் வேறு, இன்றைக்குப் போட்டி வேறு என்பார்கள். இன்னும் கெட்டிக்காரர் ஒருவர், அப்படியானால் பட்டமே வேண்டாம், நேரே காட்டுக்குப் போகலாமே என்பார். இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம். பட்டம் வேண்டாம் என்கிறவருக்குப் பறவையியலாளர் சலீம் அலியின் வாழ்க்கையே பதில். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் வேலை காலியானபோது அவருக்குக் கிடைக்கவில்லை, முறையான பட்டம் இல்லை என்பதுதான் காரணம். அப்புறம் பெர்லினுக்குப் போய் எர்வின் ஸ்ட்ரெஸ்மன்னிடம் பயிற்சி பெற்று வந்தார். சலீம் அலிக்கே கதவு திறக்கவில்லை என்றால் நமக்கு எங்கே திறக்கும்? பட்டம் வேண்டும், முதுகலையும் வேண்டும், ஆராய்ச்சிதான் வாழ்க்கை என்றால் முனைவர் பட்டமும் வேண்டும். விதிவிலக்கு என்கிறவருக்குச் சொல்வது வேறு. போட்டி கூடக் கூடப் பட்டத்தின் மதிப்பு குறைகிறது. ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தால் விண்ணப்பிக்கிற எல்லோரிடமும் பட்டம் இருக்கும். தரவை அட்டவணையாக்கத் தெரியுமா, ஜிபிஎஸ் கருவியைக் கையாளத் தெரியுமா, வரைபட மென்பொருள் தெரியுமா, வெயிலில் நாள் முழுக்க நடந்துவிட்டு இரவு உட்கார்ந்து குறிப்பைப் பிரதி எடுக்கும் பொறுமை உண்டா? ஆளைப் பிரிப்பது அங்கேதான்.

ஆகவே இளங்கலைக்கு நான் சொல்லும் யோசனை பெற்றோருக்கு நிம்மதி தரும் என்று நினைக்கிறேன். பதினேழு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேசத்தின் மறுகோடிக்கு ஓட வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் பக்கத்துக் கல்லூரியில் பொது விலங்கியல் எடுங்கள். தாவரவியல் கிடைத்தாலும் குற்றமில்லை. முதல் ஆண்டிலிருந்தே குறுகலாகப் போவதைவிட, உடலியங்கியல், மரபியல், பரிணாமம், சூழலியல் என்று அகலமாக அடித்தளம் போடுவது நல்லது. பின்னால் திசை மாற்ற வேண்டி வந்தால் அந்த அகலம்தான் கைகொடுக்கும். ஒரே ஒரு குறை உண்டு, அதைப் பேராசிரியர்கள் இருக்கும் இந்த அவையில் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் புள்ளியியல் ஏதோ ஒரு பருவத்தில் ஒரே ஒரு தாளாக ஒதுங்கிக் கிடக்கிறது. மாணவரும் அதை எப்படியாவது தாண்டினால் போதும் என்று தாண்டுகிறார். அந்தத் தாள்தான் உங்கள் சோறு. கல்லூரி தராவிட்டால் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். ஆர் என்ற கணினி மொழி இலவசமாகக் கிடைக்கிறது, வரைபடத்துக்கான க்யூஜிஐஎஸ் இலவசம். மூன்று ஆண்டு இருக்கிறது, வாரம் மூன்று மணி நேரம் போதும்.

இன்னொன்று. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறையை நிறுத்தச் சொன்னது. தவளையும் கரப்பானும் மெழுகுத் தட்டிலிருந்து தப்பின, நல்லது. அந்தச் செய்முறை நேரம் எங்கே போயிற்று? குளத்தங்கரைக்குப் போயிருக்க வேண்டும். பல இடங்களில் சார்ட் பேப்பருக்குத்தான் போயிற்று. காட்டுக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், அது மாணவருக்கு எளிதில் கிடைக்காது என்பார்கள். உண்மை. ஊர்க் கண்மாய்க்கரையில் நின்று பறவையைப் பார்க்க யார் அனுமதி வேண்டும்? ஒரே கண்மாய், ஒரே கிழமை, காலையில் ஒரே நேரம், ஒரே வழி. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானிலை, நீர் எவ்வளவு நின்றது என்பதை முதலில் எழுதுங்கள். அப்புறம் முக்குளிப்பான் எத்தனை, நாமக்கோழி எத்தனை, சின்ன நீர்க்காகம் எத்தனை. போன வாரம் இருந்த நத்தைகுத்தி நாரை இந்த வாரம் இல்லையென்றால் இல்லை என்றும் எழுதுங்கள். இல்லை என்பதும் தரவுதான், அதை எழுதாமல் விடுகிறவர்களே அதிகம். மூன்று ஆண்டு இதைச் செய்தவரிடம் கல்லூரி முடிக்கும்போது மதிப்பெண் பட்டியலோடு இன்னொன்றும் இருக்கும். அந்தக் கண்மாயைப் பற்றி, எந்தப் பேராசிரியரிடமும் இல்லாத ஒரு தரவுத்தொகுப்பு. நேர்காணலில் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அறையில் காற்றே மாறும். திருநெல்வேலிப் பக்கத்தில் 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குளம் குளமாகப் போய் எண்ணுகிறவர்களில் மாணவர்கள் நிறைய. அங்கே கற்றுக்கொள்வதை எந்தப் பாடநூலும் சொல்லித் தராது.

இனிப் பட்டியல். சுருக்கமாகவே சொல்கிறேன். முதுகலையில்தான் தேர்ந்தெடுத்துச் சேர வேண்டும். மயிலாடுதுறை மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் வனவிலங்கு உயிரியலைக் கற்பிக்கின்றன. டேராடூனில் 1982-இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம் வனவிலங்கு அறிவியலில் முதுகலை நடத்துகிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் முதுகலையில் ஒவ்வொரு அணியிலும் சிறு எண்ணிக்கையில்தான் சேர்க்கிறார்கள். பொறியியலும் கால்நடை மருத்துவமும் படித்தவர்கள் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். கடல்தான் ஆசை என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது, அது வனவியல் பட்டம், விலங்கியல் அல்ல. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் பிள்ளைகள் ஏமாறுவது இதில்தான். யானைக்கு மயக்க ஊசி போடுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் விலங்கியல் படித்தவரின் வேலை அல்ல. அது கால்நடை மருத்துவரின் வேலை. ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. படித்துவிட்டுத்தான் வனவிலங்கு மருத்துவத்துக்குப் போக முடியும். பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்துவிட்டு மூன்றாம் ஆண்டில் இதைத் தெரிந்துகொண்டால் திரும்பி வருவது எளிதல்ல.

இப்போது பெற்றோரின் கேள்வி. வேலை உண்டா? மழுப்பாமல் சொல்வதென்றால், வனவிலங்கு உயிரியலாளர் என்று பெயர்ப்பலகை போட்ட நிரந்தர வேலை குறைவு. பெரும்பாலான தொடக்க வேலைகள் ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்கள். திட்டம் முடிந்தால் வேறு திட்டம் தேட வேண்டும். இதை மறைத்து உற்சாகப்படுத்துகிறவரை நம்பாதீர்கள். ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பாகும். இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல் பட்டம் தகுதி தருகிறது. அந்தத் தேர்விலேயே விலங்கியலை விருப்பப் பாடமாக எழுதலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் எழுதி இளநிலை ஆய்வாளராகத் தேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். அதே தேர்வுதான் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் வாசல். அணை, சாலை, சுரங்கம் என்று எது வந்தாலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் உயிரினப் பகுதியை எழுத அந்தத் துறைக்காரர் ஒருவர் வேண்டும். அந்தத் தொழிலில் பணம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருகிறவரே என்பதால், உண்மையை எழுதும் முதுகெலும்பும் சேர்த்து வேண்டும்.

காட்டுக்கு வெளியே பாருங்கள். பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எந்தப் பாம்பு, எந்த மாதம், எந்த நிலத்தில், எந்த நேரத்தில் என்று கண்டறிவது விலங்கியல். கொசுவும் டெங்குவும் விலங்கியல், புதுச்சேரியில் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் இதற்கென்றே முதுகலை நடத்துகிறது. பாறுக் கழுகின் கதை இன்னும் பெரியது. வெண்முதுகுப் பாறு 1990-களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு அழிந்தது. காடு அழிந்ததாலா? வேட்டையா? வைரஸா? பறவையியலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் செத்துப்போய், உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போல் படிந்திருந்தது. 2004-இல் விடை வந்தது. மாட்டுக்கு வலி நீக்கப் போட்ட டைக்ளோஃபினாக். அந்த மாடு இறந்து, அதைத் தின்ற பறவை இறந்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. விடையைக் கண்டுபிடிக்கக் கால்நடை மருத்துவம் வேண்டியிருந்தது, வேதியியல் வேண்டியிருந்தது. தடை அமலாகிறதா என்று பார்க்க மருந்துக் கடைகளில் விசாரிக்கும் ஆள் வேண்டியிருந்தது. நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சி இருக்கும் பாறுகள் பிழைத்திருப்பதும் இன்றைக்கு அந்தச் சுற்றுவட்டார மாட்டுக்காரரும் மருந்துக் கடைக்காரரும் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அகலமாகப் படியுங்கள் என்றேனே, அதற்கு இதுதான் காரணம்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்று ஒரு தயக்கம். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் சில முகங்களில் தெரிகிறது. சென்னையில் ஜெ.விஜயா என்று ஒரு பெண் இருந்தார். கல்லூரியில் படிக்கும்போதே கிண்டி பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹெண்டர்சன் 1912-இல் விவரித்த ஒரு காட்டு ஆமை, அதற்குப் பிறகு ஆய்வாளர் கண்ணில் ஏறக்குறைய எழுபது ஆண்டு படாமல் இருந்தது. 1982-இல் கேரளக் காட்டில் அதைத் திரும்பக் கண்டுபிடித்து ஆராய்ந்தவர் விஜயா. 1987-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். இன்றைக்கு அந்த ஆமையின் அறிவியல் பெயர் விஜயாகெலிஸ் சில்வாட்டிகா. ஓர் ஆமைப் பேரினத்துக்கே அவர் பெயர். இதைச் சொல்லிப் பயத்தைத் துடைத்துவிட முடியாது என்பதும் தெரியும். பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் புலியும் யானையும் அல்ல. ஆகவே சேருவதற்கு முன் நிறுவனத்தைக் கேளுங்கள். களத்தில் தங்குமிடம் எப்படி? தனியாக அனுப்புவார்களா? காப்பீடு உண்டா? 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா, அதன் தலைவர் யார்? கேட்டால் முகம் சுளிக்கிற இடம் என்றால் அங்கே போகாதீர்கள். மகனை அனுப்புகிறவர்களும் இதையெல்லாம் கேட்க வேண்டியதுதான்.

கடைசியாக, தமிழ்வழியில் படித்துவிட்டோமே என்கிற மாணவர்களுக்கு. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வாரத்துக்கு ஒரு கட்டுரை, முதலில் படங்களும் அட்டவணைகளும், அப்புறம் செய்முறைப் பகுதி என்று தொடங்கினால் ஓராண்டில் கை பழகிவிடும். ஆனால் சான்றின் இன்னொரு பாதி ஆங்கிலத்தில் இல்லை. வால்பாறையைப் பாருங்கள். 220 சதுர கிலோமீட்டர் தேயிலை மேட்டுநிலம், சுற்றிலும் காடு, நடுவே யானை போகும், ஆள் போவார். யானையால் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் ஒவ்வொரு சம்பவமாக விசாரித்தார்கள். பெரும்பாலோர் யானை அங்கே நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் மாட்டியவர்கள். அதிலிருந்துதான் யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும், செல்பேசியாலேயே எரியவைக்கும் சிவப்பு விளக்காகவும் சொல்லும் ஏற்பாடு பிறந்தது. அதற்குப் பிறகு உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. 2015-இல் அந்தப் பணிக்காக அந்த அறக்கட்டளையின் ஆனந்த குமாருக்கு விட்லி விருது கிடைத்தது. அந்த விசாரணையை எஸ்டேட் லயன்களில் எந்த மொழியில் நடத்தியிருக்க முடியும்? ஆனைமலைக் காடர்களுக்கும் பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கும் தெரிந்ததை எந்த மொழியில் கேட்டு எழுத முடியும்? இருளர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் தமிழ்வழி மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவலோடு முடிக்கிறேன். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். கட்டணம் இல்லை, வயது வரம்பு இல்லை, எந்தக் குரூப் படித்தாய் என்று கேட்பவர் இல்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, இபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வீட்டு மாடி போதும். காகத்தையும் எண்ணுங்கள், மைனாவையும் எண்ணுங்கள். பெயர் தெரியாத பறவை வந்தால் ஊகித்து எழுதாதீர்கள், பெயர் தெரியாதது ஒன்று என்று பதியுங்கள்.